பழைய இரும்புக்குப் போக இருந்த அரிவாள்மணை

"அத்தை, இதைக் கொடுத்துடலாமா?"

போகிக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் மருமகள் இப்படிக் கேட்டாள். அவள் கையில் இருந்தது என் அம்மாவின் அரிவாள்மணை. சமையலறை மேடைக்கு அடியில், பழைய குக்கருக்கும் உடைந்த மிக்ஸி ஜாருக்கும் பின்னால் வருஷக்கணக்காகக் கிடந்தது. அலகு முழுக்கத் துரு. பலகையில் ஒரு ஓரம் செல்லரித்துப் போயிருந்தது.

மருமகள் கேட்டதில் தப்பே இல்லை. பேரன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். எது கையில் கிடைத்தாலும் இழுக்கிற வயசு. வீட்டில் காய் நறுக்கப் பலகை இருக்கிறது, வெள்ளிபோல் மின்னும் ஆறு கத்திகள் கொண்ட செட் ஒன்று இருக்கிறது. முழங்கால் வலி வந்த பிறகு நானும் கீழே உட்கார்ந்து நறுக்குவதை விட்டுவிட்டேன்.

"கொடுத்துடும்மா" என்றேன். பொங்கல் கழித்துப் பழைய பேப்பர்க்காரர் வருவார். அவருக்காக ஒரு கோணிப்பையில் அதைப் போட்டு, பின்கட்டில் வைத்தும் ஆயிற்று.

உண்மையைச் சொல்கிறேன், சகோதரிகளே! அந்தப் பையின் வாயைக் கட்டும்போது என் மனசு கொஞ்சம்கூடச் சங்கடப்படவில்லை. அதற்கு ஒரு வாரம் கழித்து ஆரம்பாக்கத்தில் ஒரு மீன்கார ஆயா வந்து என்னைச் சங்கடப்படுத்த வேண்டியிருந்தது.

ஏரிக்கரைச் சந்தையில்...

ஆரம்பாக்கத்தில் என் தங்கை இருக்கிறாள். சென்னை சென்ட்ரலிலிருந்து சூலூர்ப்பேட்டை போகும் மின்சார ரயிலில் ஏறினால், கும்மிடிப்பூண்டியும் எளாவூரும் தாண்டி வரும் ஊர். அதற்கு அடுத்த ஸ்டேஷன் தடா. அது ஆந்திரா! எல்லை ஊர் என்பதால் கடைத்தெருவில் ஒரு காதில் தமிழும் மறு காதில் தெலுங்கும் விழும்.

கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உப்பங்கழி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் நமக்கு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகப் படுத்திருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் விடுகிறார்களே, அந்த இடம்தான். ஏரி அவ்வளவு ஆழம் கிடையாது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். கரையோரக் குப்பங்களில் இருக்கிற மீனவர்கள் இறாலும் நண்டும் மடவையும் பிடித்துப் பிழைக்கிறார்கள். எந்த இடத்தில் யார் எப்போது வலை போடலாம் என்பதற்கு 'பாடு' என்று ஒரு முறை வைத்து, தங்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கே தலைமுறைகளாக உண்டு.

காணும் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. "அக்கா, சினை மடவை வந்திருக்கும், வா" என்று தங்கை சந்தைக்கு அழைத்துப் போனாள். மீன் வாங்கியானதும் அதைச் சுத்தம் செய்து நறுக்கித் தர, ஓரத்தில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு அரிவாள்மணை, ஒரு வாளித் தண்ணீர், ஒரு கோணி. தங்கை நேராகக் கடைசியில் இருந்த ஆயாவிடம் போனாள். அறுபத்தைந்து வயசு இருக்கும். பக்கத்தில் இரண்டு பேர் சும்மா இருக்க, ஆயாவிடம் மட்டும் நாலு பேர் காத்திருந்தார்கள்.

எனக்கு அந்தக் கூட்டத்தின் காரணம் புரியவில்லை. ஆயாவின் அரிவாள்மணையைப் பார்த்தால் எனக்கே பரிதாபமாக இருந்தது! அலகு தேய்ந்து தேய்ந்து பிறை நிலா மாதிரி ஆகியிருந்தது. நிறம் கன்னங்கறேல். பலகையில் கால் வைத்து அழுத்தும் இடம் பாதத்தின் அளவுக்குக் குழிந்து கிடந்தது.

முறை வந்தது. ஆயா மடவையை வாங்கினாள். அலகின் முதுகுப்புறத்தில் வைத்து வாலிலிருந்து தலைக்கு ஒரே இழுப்பு. செதில் மழைபோல் சிதறியது. அப்புறம் துடுப்புகள், செவுள். வயிற்றுக்கு வந்ததும் கை மெதுவானது. மீனை அலகின்மேல் சாய்த்து, தோல் மட்டும் பிரிகிற மாதிரி ஒரு கோடு போட்டாள். உள்ளே இரண்டு பக்கமும் மஞ்சள் சினை, ஒரு முட்டைகூட உடையாமல் முழுசாக வெளியே வந்தது. பித்தப்பை தனியாக வந்து குப்பைக்குப் போனது. அது உடைந்தால் குழம்பே கசந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பிறகு துண்டங்கள். எல்லாம் ஒரே கனம்.

நான் மீனை விட்டுவிட்டு அலகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா அப்படிப் பாக்குற?"

"உங்க அருவாமனையைத்தான் ஆயா. இவ்வளவு தேஞ்சு போச்சே, புதுசு வாங்கக் கூடாதா?"

ஆயா சிரித்துவிட்டாள். "புதுசு வூட்ல கீது கண்ணு. எம் பேத்தி வாங்கியாந்தா. எவர்சில்வரு. மொகம் பாக்கலாம், அப்படி மின்னும். அது ஒண்ணும் கெட்டதில்ல, எனக்குத்தான் பழகல. இது எங்க அத்தை குடுத்தது. எங்க வூட்டுக்காரரு போனப்புறம், 'அழுதுகினே இருந்தா சோறு வராது, எடு'ன்னு இத்தைக் கையில குடுத்தாங்க. மொதல்ல நாலு வெரக்கடை அகலம் இருந்திச்சு. இப்போ ரெண்டு. அந்த ரெண்டு வெரக்கடை எங்க போச்சு, சொல்லு பாப்போம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

"பெரிய பொண்ணு கண்ணாலத்துல கொஞ்சம் போச்சு. சின்னவ நர்சுக்குப் படிச்சா, அதுல கொஞ்சம். மேல ஓடு போட்டதுல கொஞ்சம். முகத்துவாரம் அடைச்சிக்கினு ஏரியில மீனே இல்லாத வருசம், கடல் மீனை வாங்கியாந்து வெட்டினேன். அப்போ கொஞ்சம். எல்லாம் இங்கதான் கீது, எங்கயும் போவல."

சொல்லிக்கொண்டே அடுத்த மீனை எடுத்துவிட்டாள். பின்னால் ஆள் நிற்கிறார்களே!

எது அழகு?

அன்றைக்கு அந்த ஆயாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டது நிறைய. அவள் அரிவாள்மணையின் அழகு அலகின் மினுமினுப்பில் இல்லை. பலகையின் உயரம் அவள் முழங்காலுக்குச் சரியாக இருக்கிறது. அலகு சாய்ந்திருக்கும் சாய்வு அவள் கைக்குச் சரியாக இருக்கிறது. எந்த இடத்தில் வைத்தால் முள் வெட்டும், எந்த இடத்தில் வைத்தால் தோல் மட்டும் பிரியும் என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் அவளுக்குத் தெரியும். பக்கத்துப் பெண் அதே அலகில் வெட்டினால் சினை உடைந்துபோகலாம். அவளுக்கு அவளுடையது!

நம் அரிவாள்மணையின் தனிச் சிறப்பே இதுதான். கத்தி என்றால் காய் சும்மா இருக்கும், கத்தி நகரும். அரிவாள்மணையில் அலகு அசையாமல் நிற்கும், காயோ மீனோ இரண்டு கைக்கும் நடுவில் இருந்துகொண்டு அலகிடம் போகும். காலின் பாரம் மணையைப் பிடித்துக்கொள்வதால் இரண்டு கையும் நமக்கு மிச்சம். வழுக்குகிற மீனை நறுக்க இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? இது நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஆரம்பாக்கத்துச் சந்தையிலேயே தெலுங்குக்காரர்கள் இதைக் 'கத்திபீட்ட' என்கிறார்கள். கன்னடத்தில் 'ஈளிகெ மணெ', மராத்தியில் 'விளி', வங்காளத்தில் 'போன்ட்டி'. மீன் சாப்பிடும் வங்காளத்திலும் பெண்கள் இதே மாதிரி உட்கார்ந்துதான் பெரிய பெரிய மீன்களை வெட்டுகிறார்கள்.

ஆயாவின் அலகு கறுப்பாக இருந்ததற்கும் காரணம் உண்டு. பட்டறையில் அடித்த அலகு கரி கலந்த உருக்கு. லாரிக்கு அடியில் பாரம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை இருக்கிறதே, பழசான அந்தப் பட்டையை வாங்கி உலையில் காய்ச்சி அடிக்கிற கொல்லர்கள் நிறையப் பேர். செக்கச் செவேலென்று காய்ந்ததைத் தண்ணீரில் முக்கி எடுக்கும்போதுதான் அதற்குக் கடினம் ஏறுகிறது. அந்தப் பதத்தைத் தவற விட்டால் அலகு மழுங்கும், அல்லது ஒடியும். இந்த உருக்கு சீக்கிரம் துருப்பிடிக்கும், புளிப்பும் துவர்ப்பும் பட்டால் கறுக்கும். ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தாலே கூர் ஏறிவிடும்.

எவர்சில்வர் கத்தியின் கதை வேறு. 1913-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரேர்லி என்பவர், சீக்கிரம் தேயாத துப்பாக்கிக் குழல் செய்ய உருக்கில் குரோமியம் கலந்து பார்த்தார். அது துருப்பிடிக்காமல் இருப்பதைக் கவனித்தார். ஷெஃபீல்டுதான் கத்தி செய்வதற்குப் பேர்போன ஊராயிற்றே! துப்பாக்கிக்குத் தேடியது சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. துடைக்க மறந்தாலும் கெடாது, எலுமிச்சம்பழம் வெட்டினாலும் கறுக்காது. வேலைக்கு ஓடுகிற பெண்களுக்கு அது ஒரு வரம்தான். அதை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன்.

கருவிக்கு மரியாதை செய்வதும் உலகம் முழுக்க இருக்கிறது. நாம் ஆயுத பூஜையன்று அரிவாள்மணைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அன்று ஒருநாள் அதற்கு ஓய்வு கொடுக்கிறோம். ஜப்பானில் டோக்கியோ பக்கம் பிப்ரவரி 8-ஆம் தேதி, வருஷம் முழுக்க உழைத்து ஒடிந்துபோன தையல் ஊசிகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய், மெத்தென்ற டோஃபுவில் குத்தி வைத்து நன்றி சொல்கிறார்கள். கெட்டியான துணியில் உழைத்த ஊசிக்குக் கடைசியில் மெத்தை! ஒடிந்த ஊசிக்கே அந்த மரியாதை. நானோ ஒடியாத அரிவாள்மணையைக் கோணிப்பையில் கட்டி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

என் அம்மாவின் விரல்கள்

திரும்பி வரும்போது ரயிலில் தங்கை கொடுத்த மீன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'ரெண்டு வெரக்கடை எங்க போச்சு?' என்ற கேள்வி மட்டும் காதிலேயே நின்றது.

எனக்கு ஒன்பது வயசில் அப்பா போய்விட்டார். காஞ்சிபுரத்தில் ஒற்றை அறை வீடு. அம்மா வாழைக்காய் வறுவல் போட்டு, பொட்டலம் கட்டிக் கடைகளுக்குக் கொடுப்பாள். விடியற்காலையில் நான் கண் விழிக்கும்போதே அந்தச் சத்தம் கேட்கும். சரக், சரக், சரக்... அரிவாள்மணையில் வாழைக்காய் சீவுகிற சத்தம். அம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் கறுப்பாக இருக்கும். வாழைக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படி ஒரு கறை. எலுமிச்சம்பழத்தோல் போட்டுத் தேய்ப்பாள். முழுசாகப் போகாது.

எட்டாம் வகுப்பில் ஒருநாள், ஃபீஸ் கட்ட அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, "உங்க அம்மா கை ஏண்டி இப்படி இருக்கு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம், "இனிமே நீ ஸ்கூலுக்கு வராதேம்மா, பணத்தை எங்கிட்டயே கொடுத்துடு" என்றேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. "சரிடி" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு வரவும் இல்லை.

அந்த ஃபீஸ் எந்த இரும்பு தேய்ந்து வந்தது?

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பின்கட்டுக்குப் போனேன். நல்ல வேளை! பழைய பேப்பர்க்காரர் ஊரிலிருந்து திரும்பவில்லை. பையை அவிழ்த்து அரிவாள்மணையை எடுத்தேன். விரலை வைத்து அளந்து பார்த்தேன். அம்மாவின் அலகும் நடுவில் பிறையாகத் தேய்ந்துதான் இருந்தது. இத்தனை வருஷமாக நான் அதைப் பார்க்கவே இல்லை.

கூரும் காவலும்

துருவை எடுப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. புளித்தண்ணீரில் துணியை நனைத்து அலகின்மேல் ஒரு மணி நேரம் சுற்றி வைத்தேன். பிறகு சலித்த செங்கல் தூளைத் தேங்காய் நாரில் தொட்டு, கூர்ப்பக்கம் கை போகாமல் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்தேன். கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினேன். மறுநாள் தெருவில் வந்த சாணைக்காரர் கூர் வைத்துக் கொடுத்தார். செல்லரித்த பலகைக்குத் தச்சர் வேறு பலகை போட்டுவிட்டார். இனித் தினமும் செய்ய வேண்டியது இரண்டே வேலை: நறுக்கி முடித்ததும் கழுவுவது, கழுவியதும் துடைப்பது.

பலர் நினைப்பதுபோல் மழுங்கிய அலகு பத்திரமானதில்லை. மழுங்கினால் பலம் கொடுத்து அழுத்துவோம், காய் வழுக்கும், விரல் போகும். கூரானதுதான் சொன்ன பேச்சைக் கேட்கும். மீன் நறுக்கிய அலகையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல், பச்சையாகச் சாப்பிடும் வெள்ளரிக்காயையோ பழத்தையோ அதில் நறுக்காதீர்கள். முடிந்தால் மீனுக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையை வெட்டிக்கொண்டால் காப்பிப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள்தூள் எதையும் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். ரத்தம் நிற்காவிட்டாலும், காயம் ஆழமாக இருந்தாலும், விரல் மரத்துப்போனாலோ மடங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரண ஜன்னி துருவினால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி காயத்துக்குள் போவதால் வருகிறது. ஆகவே பளபளக்கும் கத்தி வெட்டினாலும் ஊசி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கடைசியாக எப்போது போட்டோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு அட்டவணைப்படி போடும் தடுப்பூசிகளிலும், கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசியிலும் ரண ஜன்னிக்கான மருந்து சேர்ந்தே இருக்கிறது. எதையும் தவற விடாதீர்கள்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் அரிவாள்மணையைச் சுவரோரம் சாய்த்து வைத்தால் போதாது. தச்சரிடமே அலகுக்கு ஒரு மர உறை செய்து வாங்கினேன். உறை போட்டு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், கதவுள்ள அலமாரியில் வைக்கிறேன். நறுக்கும் நேரத்தில் பேரன் அடுத்த அறையில் தாத்தாவின் பொறுப்பு. நடுவில் யாராவது கூப்பிட்டால் உறையைப் போடாமல் நான் எழுந்திருப்பதில்லை.

அவளுக்கு அவளுடையது

மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்து விஷயத்தையும் சேர்த்துத்தான். அது என் வீட்டுக்காரருக்கே தெரியாத சங்கதி. அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் மேடை மேலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து வந்தாள். எனக்குத் தெரிந்த கத்திதான். பிளாஸ்டிக் பிடி ஒரு பக்கம் அடுப்பில் சுட்டு உருகியிருக்கும். 'இதைத் தூக்கிப் போடேன், செட்டில் ஆறு கத்தி சும்மா கிடக்கே' என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"ஹாஸ்டலை விட்டு முதல் முதலா ரூம் எடுத்தப்போ, முதல் சம்பளத்துல வாங்கினது அத்தை. ஒரு ஸ்டவ், ஒரு குக்கர், இந்தக் கத்தி. தனியா சமைச்சுச் சாப்பிட்ட முதல் நாள் இதுலதான் வெங்காயம் நறுக்கினேன். செட்ல இருக்கிற கத்தி எதுவுமே எனக்குக் கைக்கு வரலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயாவிடம் நான் கேட்ட கேள்வியைத்தானே இவளிடமும் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. மேடைமேல் அவள் கத்தி, அவள் ராஜ்யம். வாரத்தில் ஒருநாள், முழங்கால் இடம் கொடுத்தால், தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து அம்மாவின் அரிவாள்மணையில் நான் வாழைக்காய் சீவுகிறேன். போன வாரம் பேரன் தூங்கும் நேரத்தில் மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சத்தம் நல்லா இருக்கு அத்தை" என்றாள்.

சீவி முடித்துக் கையைப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்திருந்தன. எலுமிச்சம்பழத்தோல் பக்கத்திலேயே இருந்தது. அன்று சாயங்காலம்வரை நான் அதைத் தொடவில்லை.